செவ்வாய், வெள்ளி மூன்றாம் பாடவேளை: ஒரு கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியின் சமயப் பாடம் பற்றிய மதிப்புரை

செட்டிநாட்டுப் பள்ளிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வேன் வசதி, கட்டணம், ஆங்கிலப் பேச்சு, கழிப்பறைத் தூய்மை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கன்னியர் நடத்தும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் வீடுகளில் உண்மையில் பேசப்படும் கேள்வி வேறு. "சாமி பாடமெல்லாம் எப்படி?" என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள், பள்ளி அலுவலகத்தில் அதை வாய்விட்டுக் கேட்பவர் அரிது. என் மகள் எங்கள் பகுதியிலுள்ள ஒரு கத்தோலிக்க நர்சரி மற்றும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் படித்து இப்போது நான்காம் வகுப்பை முடிக்கிறாள். இந்த மதிப்புரை அங்கே நடக்கும் சமயப் பாடத்தைப் பற்றியது மட்டுமே. நிறைகளோடு குறைகளையும் சொல்லப் போவதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் யார் யார் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மகளின் வகுப்பில் 36 பிள்ளைகள். அவர்களில் கத்தோலிக்கர் 8 பேர், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர் இருவர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு பையன், முஸ்லிம் பிள்ளைகள் 6 பேர். மீதமுள்ள 19 பேரும் இந்துக்கள் என்று பதிவேட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், அதற்குள் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் வீட்டுப் பிள்ளைகள், வங்கி வேலை மாற்றலில் வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவன் என்று பல வகை உண்டு. ஆக, கிறிஸ்தவப் பள்ளியின் வகுப்பறையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

முதல் இரண்டு ஆண்டுகள் பழைய முறையே இருந்தது. தமிழ்நாட்டில் சிஸ்டர்கள் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கும் அது நினைவிருக்கும்: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, ஏனையோருக்கு நன்னெறிக் கல்வி. மணி அடித்ததும் எட்டுப் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு சிற்றாலயத்தை ஒட்டிய அறைக்குப் போவார்கள். அந்த அறையில் படங்கள், பாட்டு, கைதட்டல், சில நாட்களில் மிட்டாய். இருந்த இடத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு புத்தகம். ஒன்றாம் வகுப்பின் நடுவில் ஒரு நாள் மாலை மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முகப்பில் நின்றபடி, "அப்பச்சி, நான் மீதியா?" என்று அப்பாவாகிய என்னைக் கேட்டாள். "மறைக்கல்விப் பிள்ளைகள் எழுந்திருங்கள், மீதிப் பிள்ளைகள் நன்னெறி நோட்டை எடுங்கள்" என்று டீச்சர் சொல்வது வழக்கமாம். கணக்குப் பாடத்தில் அந்த வாரம்தான் கழித்தல் தொடங்கியிருந்தது.

அந்த நன்னெறிப் புத்தகத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்ல முயன்று தோற்றேன். ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்து மதம் என்றால் ஒரு கோபுரம், இஸ்லாம் என்றால் ஒரு பிறை, கிறிஸ்தவம் என்றால் ஒரு சிலுவை. மூன்று பக்கங்களின் அடியிலும், எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்ற ஒரே வரி. எங்கள் பக்கத்தில் "நீங்க எந்தக் கோயில்?" என்று கேட்பது உறவுமுறையை விசாரிக்கும் கேள்வி, ஒன்பது நகரத்தார் கோயில்களில் தன்னுடையது இளையாற்றங்குடியா, மாற்றூரா, பிள்ளையார்பட்டியா என்று ஐந்து வயதிலேயே சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெயரில்லாத ஒரு கோபுரப் படத்தால் என்ன பயன்? பின்னட்டையில் கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடி அச்சாகியிருக்கிறது. மத நல்லிணக்கம் பற்றிப் பேச எழுந்த எவரும் அவரை இழுத்து வராமல் உட்கார்ந்ததில்லை என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய ஊராகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டி நமது திருப்பத்தூருக்கு அருகில்தான் இருக்கிறது, இந்த வகுப்பிலேயே அந்தப் பக்கம் உறவினர் உள்ள பிள்ளைகள் இருக்கக்கூடும் என்பது புத்தகத்துக்கும் தெரியவில்லை, நடத்தியவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாடத்துக்குத் தேர்வும் இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. "பிறர் பொருளுக்கு ஆசைப்படலாமா?" என்பது இரண்டாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா. மகள் முழு மதிப்பெண் வாங்கினாள். கடைசி இரண்டு விடைகளைப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதாக அன்று இரவு அவளே சொன்னாள்.

மூன்றாம் வகுப்பில் நிலைமை மாறியது. புதிதாக வந்த ஓர் அருட்சகோதரி, தலைமையாசிரியையின் இசைவோடு கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வியை ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு ஆலயத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செவ்வாய், வெள்ளி மூன்றாம் பாடவேளைகளை 36 பேருக்கும் பொதுவாக்கினார். செய்தி வந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட ஐயமே மேலோங்கியிருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இதுவரை எட்டுப் பேருக்குச் சொன்னதை இனி எல்லாருக்கும் சொல்லப் போகிறார்களா என்றுதான் நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "படிக்கட்டும்ப்பா. தெரிஞ்சுக்கிட்டா என்ன கொறஞ்சா போகும்? நம்ம பிள்ளை நம்ம வீட்டுக்குத்தானே வரும்" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவைப் பிசையத் தொடங்கிவிட்டார்கள்.

பெற்றோர் ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காரலாம் என்று அந்தச் சகோதரியே அறிவித்திருந்ததால் இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை போய்ப் பார்த்தேன். அவர் பாடம் நடத்தும் முறையில் என் கவனத்தில் முதலில் பட்டது ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி. "நாங்கள்" என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை. முன்பிருந்த டீச்சர் பிரியமானவர்தான், ஆனால் அவர் வாயில் எப்போதும் "நாம் எல்லாரும் இயேசுவின் பிள்ளைகள்" என்றே வரும். ஏழு வயதுப் பிள்ளை அதை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் தெரியாது. இந்தச் சகோதரியோ, "இயேசு கடவுளின் மகன் என்று நாங்கள் நம்புகிறோம்" என்று சொல்கிறார். "இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று நாங்கள் அறிக்கையிடுகிறோம்" என்கிறார். தம் நம்பிக்கையில் எதையும் குறைத்துச் சொல்வதில்லை, மழுப்புவதில்லை, ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேளாமல் அந்தச் சொல்லுக்குள் இழுத்துக்கொள்வதுமில்லை. காணாமற்போன ஆட்டின் கதை முடிந்து, பகிர்ந்து உண்பது, வகுப்பறையைக் கூட்டுவது என்று பேச்சு திரும்பும்போது மட்டும் "நாம்" வருகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்கிறீர்களா என்று பிறகு கேட்டேன். ஆமாம் என்றார், பயிற்சிக் காலத்தில் தாமே பழகிக்கொண்டதாகச் சொன்னார்.

மூன்றாம் வகுப்பு டிசம்பரில் நடந்தது ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பிள்ளைகள் அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்த நாளில் சகோதரி விடுப்பில் இருந்தார். வேறொருவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். தீவனத் தொட்டியில் குழந்தை கிடத்தப்பட்ட கதையை அவர் சொன்னபோது, முஸ்லிம் பெண் ஒருத்தி எழுந்து, ஈஸா நபி (இயேசுவை அவர்கள் அழைக்கும் பெயர்) பேரீச்ச மரத்தடியில்தான் பிறந்தார், தொட்டிலிலேயே பேசினார் என்று தன் அத்தா சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். "அப்படியெல்லாம் இல்லை, உட்கார்" என்று பதில் வந்தது. பிள்ளை அன்று மதியம் சாப்பிடவில்லை என்று என் மகள் வீட்டில் வந்து சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சகோதரி கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்புறம் "எங்கள் விவிலியத்தில்" என்றும், வலப்புறம் "குர்ஆனில்" என்றும் எழுதினார். அந்தப் பெண்ணையே எழுப்பி மீண்டும் சொல்லச் சொன்னார். குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். பேரீச்ச மரமும், தொட்டில் குழந்தையின் பேச்சும் அதில் இருக்கின்றன. தாமே முந்தின இரவு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு வந்திருந்ததால், பிள்ளை திணறிய இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கங்களிலும் தாயின் பெயர் ஒன்று; பிறந்த இடம் வேறு; அவர் யார் என்பதற்கான விடையும் வேறு. அந்த வேறுபாட்டை அழிக்காமல் அப்படியே பலகையில் விட்டுவைத்தார். குடிலின் பின்திரையில் அந்தப் பெண் வரைந்த பேரீச்ச மரம் ஒட்டப்பட்டது. பெத்லகேம் படங்களில் வழக்கமாகவே அந்த மரம் இருப்பதால், குடில் பார்க்க வந்த பங்குமக்கள் எவருக்கும் அதில் புதுமை தெரிந்திருக்காது.

நான்காம் வகுப்பில் அருளானந்தர் பாடம். லிஸ்பனில் 1647இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகத்துக்கு வந்து, காவி உடுத்திப் புலால் மறுத்து வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். 1947இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கு ஓரியூர் கூப்பிடு தூரத்துத் திருத்தலம். ஆனால் இதே கதையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது இராமநாதபுரம் சேதுபதி மன்னர் ஆட்சியில். சேதுபதிகளைக் கொண்டாடும் வீட்டுப் பிள்ளைகள் அதே வகுப்பில் இருக்கிறார்கள். கெட்ட அரசன், நல்ல துறவி என்று சொல்லிப் போவது எளிது. சகோதரி காரணத்தைச் சொன்னார்: திருமுழுக்குப் பெற விரும்பிய மறவர் தலைவர் தடியத்தேவர், ஒரு மனைவியைத் தவிர ஏனைய மனைவியரை விலக்கினார், விலக்கப்பட்ட இளைய மனைவி மன்னரின் உறவுப் பெண், அவள் போய் முறையிட்டாள், அரண்மனைக்கு அது மானப் பிரச்சினையாயிற்று.

அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அந்தச் சின்னம்மா பிறகு எங்கே போனாங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். நான் அந்த வகுப்பில் இருந்தேன். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதேயில்லை. சகோதரி சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, தமக்குத் தெரியாது என்றும், கதையை எழுதி வைத்தவர்கள் துறவியைப் பற்றி எழுதிய அளவுக்கு அவளைப் பற்றி எழுதவில்லை என்றும், அவளுக்கும் மனம் வலித்திருக்கும் என்றே தாம் நினைப்பதாகவும் சொன்னார். இன்னொரு பையன் விடவில்லை. ஓரியூர் மண் புனிதரின் இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் போற்றுவதைச் சொன்னதும், "நம்ம ஊர் மண்ணும் செவப்புத்தானே சிஸ்டர், இங்கே யாரை வெட்டினாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். இரும்புச் சத்தால் மண் சிவப்பது அறிவியல் பாடம், அந்த மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களின் நம்பிக்கை இந்தப் பாடம், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள் என்று முடித்தார். கேட்ட பையனை எவரும் அதட்டவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். சில பள்ளிகளில் அது நடந்திருக்கும்.

என் தாயார் வகுப்புக்குப் போன நாளையும் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு, திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் வரும். அதனால் பல ஆண்டுகளில் கிறிஸ்துமஸை அண்டியே அமைந்துவிடும். பண்டிகைகள் பற்றிய வாரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வரலாம் என்று சொன்னதும் மகள் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த 21 நூல் இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவைப் பிள்ளையாராகப் பிடித்து, அதில் அந்தத் திரியைச் செருகி ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் "இழை எடுத்தல்" சடங்கை அம்மா விளக்கினார்கள். "சுடாதா ஆச்சி?" என்று வகுப்பு முழுவதும் கத்தியது. "வாயை மூடுனா நெருப்பு அமந்துபோகும். பயந்து வெளியே வச்சிருந்தாத்தான் சுடும்" என்று அம்மா சொன்னார்கள். கடலில் சிக்கிய வணிகர்கள் நாள் கணக்குத் தெரிவதற்காக உடுத்திய வேட்டியிலிருந்து நூல் உருவி வைத்த பழங்கதையையும் சொன்னார்கள்.

அப்போது கத்தோலிக்கப் பையன் ஒருவன், தங்கள் பூசையிலும் சாமியார் அப்பத்தை நாக்கில்தான் கொடுப்பார் என்றான். நன்னெறிப் புத்தகம் எழுதியவர் அங்கே இருந்திருந்தால், இரண்டும் ஒன்றே என்று உடனே ஒரு வரி போட்டிருப்பார். சகோதரி அப்படிச் சொல்லவில்லை. பெரியவர் கையால் பணிந்து வாங்கி உண்பது இரண்டிலும் இருக்கிறது. அது எது, எதற்காக என்பது இரண்டிலும் வேறு. நற்கருணை இயேசுவின் உடல் என்று நாங்கள் நம்புகிறோம், இழை அப்படியன்று, அது ஆச்சி வீட்டின் நோன்பு, அதன் பொருளை ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும் என்றார். தம்முடையதை விட்டுக் கொடுக்காமலும் பிறருடையதைத் தம்முடையதாக்கிக் கொள்ளாமலும் ஒருவர் பேசுவதை அம்மா ரசித்தார்கள் என்பது, திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அவர்கள் பேசிக்கொண்டே வந்ததில் தெரிந்தது.

எங்கள் முன்னோர் இதற்குப் பழகியவர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போனவர்கள், பிற மதத்தார் நடுவே, தங்கித் தொழில் செய்த கிட்டங்கிக்குள் முருகன் படத்தை மாட்டி வைத்துப் பணப் பெட்டியடியில் உட்கார்ந்தவர்கள். சிங்கப்பூரில் 1859இலேயே தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள். அந்தக் கோயில் எல்லாருக்கும் பொதுவான ஏதோ ஒன்று என்று அவர்கள் எவரிடமும் சொல்லவில்லை. இது எங்கள் கோயில், வாருங்கள் என்றார்கள். அதே உரிமையில் நம்மூரில் ஒரு பள்ளி தன்னைக் கிறிஸ்தவப் பள்ளி என்று சொல்லிக்கொண்டால் எனக்கு உறுத்தவில்லை. சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் உறுப்பு தருகிறது. இன்ன வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்தே பிள்ளையை அனுப்புகிறோம். விருந்தாளியை நடத்தும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த விதத்தில் பள்ளி இன்னும் தவறும் இடங்களுக்கு வருகிறேன். காலை வழிபாட்டில் இயேசு கற்பித்த செபத்தைப் பிள்ளைகள் அனைவரும் கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதியாக இருந்தது. வகுப்பறையில் அத்தனை கவனமாக "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, காலையில் வரிசையில் நிறுத்தி எல்லாரையும் "நாம்" ஆக்குவது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும், பிள்ளையின் காப்பாளர் இசைந்தாலன்றி, அப்பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 28ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமய போதனை வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. செவ்வாய், வெள்ளிப் பாடவேளை முதல் வகையில் அடங்கும் என்பது என் துணிபு. காலைச் செபம் அடங்காது. வாய் திறக்காமல் மரியாதையாக நிற்பதே போதும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. நாட்டுப்பண்ணின்போது எழுந்து நின்று, ஆனால் தங்கள் சமய நம்பிக்கையால் பாடாமல் இருந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே அப்படியென்றால் செபத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையே தன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 அக்டோபர் 28 அன்று, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் தான் புறந்தள்ளுவதில்லை என்று அறிவித்திருப்பதையும், பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ மரபுகளைச் சுமத்தக் கூடாது என்று 2024இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியிருப்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அந்த வழிகாட்டுதலின்படி காலை வழிபாட்டில் அரசமைப்பின் முகவுரை வாசிக்கப்படுகிறது. "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் அந்த வாசிப்பில் 36 பேரின் குரலும் ஒன்றாகக் கேட்கிறது. அந்த "நாம்" சரியான இடத்தில் வந்த "நாம்". செபத்தைப் பொறுத்தவரை, கைகூப்பும் விதியைத் தளர்த்தி, அமைதியாக நின்றால் போதும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். நடைமுறையில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் டீச்சரைப் பொறுத்து அது மாறுகிறது. சிலர் இன்றும் பிள்ளையின் கையைப் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள்.

இதில் எவரும் எதிர்பாராத செய்தி, மிகக் கடுமையாக எதிர்த்தவர் இந்துவோ முஸ்லிமோ அல்லர் என்பதுதான். பெந்தெகொஸ்தே வீட்டுப் பையனின் தந்தை, அக்டோபர் மாத செபமாலைக்கும் மாதா சிலை உள்ள கெபியில் பூ வைப்பதற்கும் தம் மகனை அழைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் பைபிள் என்றால் வேதாகமம், பள்ளியில் விவிலியம். அங்கே ஜெபம், இங்கே செபம். ஒரே நூலை வைத்திருப்பவர்களுக்குள் இத்தனை தொலைவு இருக்கிறது என்பதைப் பள்ளி எண்ணிப் பார்த்திருக்கவில்லை. "கிறிஸ்தவப் பிள்ளைகள்" என்று ஒரு சொல்லில் அடக்கிப் பழகியதன் விளைவு அது. விலகிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விலகிய பிள்ளைக்கு உட்கார இடம் ஒதுக்கவில்லை. அந்தப் பையன் செபமாலை நேரத்தில் அலுவலகத்து வாசல் பெஞ்சில், தண்டனை பெற்றவனைப் போல உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். நூலகத்தைத் திறந்து விடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

சேர்க்கை விண்ணப்பமும் சரியில்லை. சீருடை, வேன் கட்டணம், நகை அணியாமை ஆகியவற்றுக்கு நடுவே பொடி எழுத்தில், பள்ளியின் ஆன்மிக நிகழ்வுகளில் பிள்ளை பங்கேற்கச் சம்மதிக்கிறேன் என்ற வரி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து அடியில் ஒரே கையெழுத்து. நானும் படிக்காமல்தான் போட்டேன். சட்டம் கேட்கும் இசைவு இதுவன்று. வழிபாட்டுக்குத் தனித்தாள், தனிக் கையெழுத்து, வேண்டாம் என்று எழுத ஒரு கட்டம் ஆகியவை வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் பாடத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து இதற்குத் தேர்வு இல்லை. ஒரு நோட்டு மட்டும் உண்டு. மகளின் நோட்டில் இடப்பக்கம் "அவர்கள் நம்புவது", வலப்பக்கம் "எனக்குத் தோன்றுவது" என்று பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வலப்பக்கம் பெரும்பாலும் காலியாக இருப்பதைச் சகோதரி குறையாகக் குறிப்பதில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக எப்போதும் கத்தோலிக்கப் பெண்ணே வருவாள், பிற பிள்ளைகள் ஆட்டிடையராகவும் ஆடாகவும் வருவார்கள். மகள் இரண்டு முறை ஆடாக நடித்துவிட்டாள், அவளுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குத்தான். வடநாட்டுப் பையனுக்குத் தமிழ் தடுமாறுவதால் கதைகள் பாதி புரியாமல் போகின்றன. அதற்குப் பள்ளி எதுவும் செய்யவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தப் பாடம் ஒருவரை நம்பி நிற்பதுதான். சகோதரிகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு இல்லத்துக்கு மாற்றல் வரும். அவர் போய்விட்டால் கரும்பலகையில் கோடு போடத் தெரிந்த இன்னொருவர் அங்கே இல்லை. நன்னெறிப் புத்தகக் கட்டு இன்னும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. பாடத்திட்டமாக எழுதி வைக்கிறார்களா என்று கேட்டேன். எழுத வேண்டும் என்றார்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் ஐந்துக்கு வகுப்பறைப் பாடத்துக்கு நான்கரை, காலை வழிபாட்டுக்கு இரண்டு, விண்ணப்பத் தாளுக்கு ஒன்று. தன் வீட்டு வழக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கும் குடும்பத்துக்கு இந்தப் பள்ளியைத் தயங்காமல் சொல்வேன்; நோன்பும் தொழுகையும் என்னவென்று வீட்டில் எவரும் சொல்லித் தராமல், அதையும் பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும் என்றிருப்பவர்களின் பிள்ளை அந்த வகுப்பில் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சமயம் பள்ளிக்குள்ளேயே வேண்டாம் என்று கருதுகிறவர்களுக்கு, சமய போதனைக்கு இடமில்லாத அரசுப் பள்ளிகள் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன, அவற்றையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வருகிற ஜூனில் மகனையும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறேன். விண்ணப்பத்தில் அந்தப் பொடி எழுத்து வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, சமயப் பாடத்துக்கு இசைகிறேன், செபத்தில் அவன் நின்றால் போதும் என்று தனித்தாளில் எழுதி இணைத்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து வந்து, தனித்தாளையும் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் போட்டு, ரசீது கொடுத்தார்.